முறுக்கியவன் மேல் தப்பில்லை, ஜெபா

சண்டைக்காரி ஜெபாவுக்கு,

உன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாய். இப்போது முடியாது. அதனால் இன்னொரு தடவையும் வழித்துக்கொள்கிறேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பேட்டையில் நம் பரிசோதனைக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. இரும்பை இழுத்துப் பார்க்கிற இயந்திரம் மட்டும் முன்பைவிட அதிகம் முனகுகிறது. உன் மேசையில் நான் உட்காரவில்லை, வேறு யாரையும் உட்காரவிடவும் இல்லை. சோதிக்கக் கழுவிய இரும்புத் துண்டுகளை அதில்தான் காயவைக்கிறேன். கோபப்படாதே, சன்னல் வெயில் அங்கேதான் விழுகிறது.

இந்த ஆனி மாதம் ஒன்று நடந்துவிட்டது. உன் தம்பி சாமுவும் நானும் சம்பந்தப்பட்ட விஷயம். ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். உனக்கு என் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 'மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் எடுத்தா வேலை கிடைக்குமா?' என்று இந்த வருடமும் சில பெற்றோர் வந்து கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அவர்களும் படிக்கட்டும்.

நாம் அந்தப் படிப்பை எடுத்த அழகை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. சென்னையில் கலந்தாய்வு. கம்ப்யூட்டர் படிப்பு எனக்கும் கிடைக்கவில்லை, உனக்கும் கிடைக்கவில்லை. மிச்சம் கிடந்த இடங்களில் நம் பக்கத்துக் கல்லூரியில் இப்படி ஒரு பாடம் இருந்தது. என்னவென்று தெரியாமலே நான் எடுத்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற நீ, "நீங்க எடுத்தா நானும் எடுக்கேன்" என்றாய். நீ என்னிடம் மரியாதையாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

சீவலப்பேரியில் என் அத்தை, மெட்டீரியல் என்றால் சுடிதார்த் துணி என்றே முடிவு செய்துவிட்டாள். துணி எடுக்கதுக்கு நாலு வருசமா படிக்கணும் என்று களையெடுக்கிற வயலில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பாளையங்கோட்டையில் உன் அம்மா, நம் டீச்சர் அம்மா, சர்ச்சில் விசாரித்தவர்களுக்கெல்லாம் இரும்பு, கண்ணாடி, பிளாஸ்டிக், இவையெல்லாம் எதனால் ஆனவை, எது எவ்வளவு தாங்கும், ஏன் உடைகிறது என்று படிக்கிற படிப்பு என்று பொறுமையாக விளக்கினார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒருவர், அப்படியானால் பிற்பாடு ஒரு ஹார்ட்வேர் கடை வைத்துவிடலாம் என்றாராம்.

படித்து முடித்ததும் வகுப்பில் பெரும்பாலோர் மென்பொருளுக்குப் போனோம். ஆமாம், நானும்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்து நின்றபோது, முதலில் வந்த வேலையை விடுகிற தைரியம் எனக்கு இல்லை. நீ கோயம்புத்தூரில் இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு வார்ப்பாலைக்குப் போனாய். உன்னை அலுவலகத்தில் உட்காரவைத்துப் பதிவேடு எழுதச் சொன்னார்கள். உலைக்குப் பக்கத்தில் நிறுத்தாவிட்டால் ராஜினாமா செய்வேன் என்று மூன்று வாரம் அடம்பிடித்தாய். உன் கால் அளவுக்குப் பாதுகாப்பு ஷூ இல்லை என்றார்கள். ஆண்களுக்கான ஷூவிலேயே சின்னதை வாங்கி, இரண்டு ஜோடி காலுறை போட்டு நடந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் எனக்கு அழைப்பாய். ஊர்வம்பு பேசுகிற குரலில் விரிசல்களைப் பற்றிப் பேசுவாய். "இன்னைக்கு ஒரு பம்பு என்னைய ஏமாத்தப் பாத்துச்சு ட்டி. வெளிய பாத்தா நல்ல புள்ள மாரி இருக்கு, அறுத்துப் பாத்தா உள்ள பூரா ஓட்டை." சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருக்கும். உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

பிறகு ஒரு நாள், ஊருக்கே திரும்பி வந்து கூடம் ஒன்று வைப்போம் என்றாய். நம் பக்கத்தில் ஒரு இயந்திரத் தண்டு ஒடிந்தால்கூட ஏன் ஒடிந்தது என்று கேட்க இருநூறு மைல் அனுப்புகிறார்கள், ரெண்டு பேரும் சேர்ந்தால் அதைப் பேட்டையிலேயே சொல்லிவிடலாம் என்றாய். நான் யோசிக்கவே இல்லை. என் வாழ்க்கையில் யோசிக்காமல் எடுத்த இரண்டு முடிவுகளும் சரியாகத்தான் அமைந்தன. இரண்டிலும் நீ இருந்தாய்.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்ல? நோய் வந்தது. மருந்து ஏற்றுவதற்காகத் தோளுக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு சின்னக் குமிழை வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டரிடம் நீ கேட்ட முதல் கேள்வி, அது என்ன உலோகம் என்பது. டைட்டானியம் என்றார். அவர் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நம்ம சரக்கு ட்டி. உள்ளயும் வந்துட்டு." நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அது உனக்குக் கேட்டதா?

சரி, ஆனி மாதத்துக்கு வருகிறேன்.

பணகுடிப் பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரர் அண்ணாச்சி ஒருவர் ஒரு துணிப்பையோடு வந்தார். காற்று அடித்து விளாசுகிற நேரம். இறக்கைகளை நிறுத்துகிற பிரேக்கைப் பூட்டியிருந்த போல்ட்டுகளில் இரண்டு, தலை தெறித்து விழுந்திருக்கின்றன. பிரேக் கட்டை சரிந்து, கீழே நின்ற ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. உடைந்த இரண்டையும், அதே பெட்டியில் மிச்சமிருந்த புது போல்ட்டுகள் நாலையும் மேசையில் வைத்தார்.

"நம்ம பய ஓவரா முறுக்கிட்டாம்மா. அத ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா சோலி முடிஞ்சிரும்" என்றார். பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்றேன்.

மறுநாள் காலையில் அந்தப் 'பய' வந்து நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர். பெயர் பேச்சிமுத்து. மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு வருடம் முன்னால் எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையைவிட்டு இறங்கியபோது குடும்பத்தோடு இறங்கி, மணிமுத்தாறு பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார். கீழே வந்து பல இடம் அலைந்து, கடைசியில் கிடைத்த வேலை இது. விசாரணை முடிகிறவரை வராதே என்று சொல்லிவிட்டார்களாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அளவுக் கருவி வச்சித்தான் மேடம் முறுக்குனேன். டிக்குன்னு சத்தம் குடுத்ததும் கைய எடுத்துட்டேன். அதுக்கு மேல ஒரு இழுப்புக்கூட இழுக்கல. அந்த போல்ட்டு அத சொல்லுமா?"

சொல்லும் என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

போல்ட் சொன்னது, ஜெபா. அதிகம் முறுக்கியிருந்தால் மரையெல்லாம் நீண்டு, உடைகிற இடம் இழுத்த மிட்டாய் மாதிரி மெலிந்திருக்கும். இதில் ஒரு மயிரிழைகூட நீளவில்லை. தலைக்குக் கீழே பட்டென்று தெறித்திருந்தது. கடினம் சரி, உலோகக் கலவை சரி. மேலே துத்தநாக முலாம் கண்ணாடியாய் மின்னியது. அந்த மினுமினுப்பைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. உடைந்த முகத்தை நம் கல்லூரியின் மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கற்கண்டைத் தட்டி உடைத்த மாதிரி, மணி மணியாகப் பிரிந்து கிடந்தது.

நீ இதற்குள் ஊகித்திருப்பாய். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முலாம் பூசுமுன் இரும்பை அமிலத்தில் கழுவுவார்கள். அப்போது கொஞ்சம் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். சாதாரண இரும்பு அதைப் பொருட்படுத்தாது. நன்றாகக் கடினப்படுத்திய போல்ட்டுக்கோ அதுதான் எமன். முலாம் பூசிய கையோடு ஓவனில் வைத்துச் சில மணி நேரம் சூடேற்றினால் வெளியேறிவிடும். அப்படிச் செய்யாவிட்டால், முறுக்கிய அன்று ஒன்றும் ஆகாது. ஒரு நாளோ நாலு நாளோ கழித்து, யாரும் தொடாமலே தலை தெறிக்கும்.

முலாம் எங்கே பூசியது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். சாமுவின் பட்டறை என்றார்.

அவன் உன் தம்பி என்று அண்ணாச்சியிடம் அப்போதே சொல்லிவிட்டேன். வேண்டுமானால் வேறு இடத்திலும் கொடுத்துப் பாருங்கள் என்றேன். நீங்க பாத்தாப் போதும் என்றுவிட்டார். அந்த நம்பிக்கை எனக்கு ஒரு மூட்டை கல்லாகத் தோளில் ஏறியது.

மிச்சமிருந்த நாலு போல்ட்டுகளையும் ஒரு தடித்த இரும்புப் பலகையில், அதே அளவுக் கருவியால், அதே அளவுக்கு முறுக்கி, தானாகத் தெறிக்கிறதா என்று பார்க்கக் கம்பி வலைக்குப் பின்னால் வைத்தேன். பிறகு சாமுவுக்கு அழைத்து வரச்சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எதையும் மறைக்கவில்லை, ஜெபா, அதைச் சொல்ல வேண்டும். ஓவனின் சூட்டுக் கம்பி எரிந்துபோனது, புதுக் கம்பி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள், அண்ணாச்சி அவசரப்படுத்தினார், ஒரே ஒரு லாட்டு சரக்குதானே என்று அனுப்பிவிட்டேன் என்றான். உன் கண்தான் அவனுக்கு. உன் கண்ணோடு அவன் கெஞ்சுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

"முறுக்குனதுலயும் கொஞ்சம் தப்பு இருக்கலாம்லா அக்கா? ரெண்டையும் சேத்து எழுதுங்க. அப்ப எம் மேல மட்டும் விழாது."

நான் வாயைத் திறக்குமுன் வலைக்குப் பின்னால் பட்டென்று ஒரு சத்தம். ஒரு போல்ட்டின் தலை வலையில் மோதித் தரையில் உருண்டது. இருவரும் திரும்பினோம். அறையில் நாங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. யாரும் அதைத் தொடவில்லை.

சாமு குனிந்து அதை எடுத்தான். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அறிக்கையை அன்று மாலையே எழுதினேன். எழுதுமுன் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'முறுக்கியதிலும் குறை இருக்க வாய்ப்புண்டு' என்று ஒரு வரி. யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. பேச்சிமுத்து எனக்கு யாரோ. சாமு உன் தம்பி, எனக்கும் தம்பி. நீ மருத்துவமனையில் கிடந்த நாட்களில் என் அம்மாவுக்கும் சேர்த்து மருந்து வாங்கிக் கொடுத்தவன். அந்த வரி என் பேனா முனை வரைக்கும் வந்தது. எழுதவில்லை.

அண்ணாச்சி சாமுவுக்குக் கொடுத்துவந்த வேலை முழுவதையும் நிறுத்தினார். மூன்றாம் நாள் டீச்சர் அம்மா அழைத்தார்கள். எடுத்ததும் அழுகை இல்லை, கோபம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரல்.

"எம் மக இருந்திருந்தா தம்பிக்கு இப்படிச் செஞ்சிருப்பாளா இசக்கி?"

போனை வைத்துவிட்டார்கள். அவ்வளவு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு உனக்கு எடுத்த அதே துணியை எனக்கும் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. நீ என்ன செய்திருப்பாய், ஜெபா? இதையேதான் நானும் எழுதியிருப்பேன் என்று உன் வாயில் வார்த்தையைப் போட்டு என்னைத் தேற்றிக்கொள்ளலாம். செய்யமாட்டேன். உனக்கு அவன்மேல் எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும்.

பேச்சிமுத்துவை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். அந்தத் தாளில் தன் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். அறிக்கையில் ஆட்களின் பெயர் எழுதுவது வழக்கமில்லை என்றேன். கொஞ்சம் தயங்கினார்.

"வீட்ல காட்டணும் மேடம். பக்கத்துல எல்லாரும் ஒரு மாரியா பாக்காவ."

நம் கூடத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தேன். 'போல்ட்டுகளை முறுக்கியவர்: திரு. பேச்சிமுத்து. முறுக்கிய அளவு: சரி.' அவ்வளவுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, மடிக்காமல் அப்படியே ஒரு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே சின்ன அறிக்கை அது.

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சாமு வந்தான். முகம் வாடிப்போய், சவரம் செய்யாமல், கையில் ஒரு தாள்.

"அந்த ஒரு லாட்டு மட்டும் இல்லக்கா" என்றான். "அந்த வாரம் பூரா ஓவன் இல்லாமத்தான் போச்சு."

அந்த வாரம் தன்னிடமிருந்து போன சரக்கையெல்லாம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பட்டியல் எழுதியிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, ஜெபா. அவனாகவே ஒவ்வொருவரையும் அழைத்து, போட்டிருந்தால் கழற்றுங்கள், போடாவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். திட்டு வாங்கியிருக்கிறான். இரண்டு பேர் இனிமேல் உன்னிடம் வரமாட்டோம் என்றிருக்கிறார்கள். பட்டியலில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது. பள்ளிக்கூட வேன்களுக்கு இருக்கை பூட்டிக்கொடுக்கிற பட்டறை.

"நல்லவேளை, அத இன்னும் போடல. பெட்டியோட இருந்துச்சு. நானே போய்த் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றான். "அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குக்கா."

டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, புது ஓவனில் சூடு சரியாக ஏறுகிறதா என்று வந்து பார்க்கச் சொன்னான். போனேன். இப்போது ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு போல்ட்டை நம்மிடம் அனுப்பிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறான். அண்ணாச்சியும் பைய மனம் மாறி, மறுபடி கொஞ்சம் வேலை கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். தானாக வந்து தப்பைச் சொன்னவனை நம்பலாம் என்றாராம்.

போன வாரம் டீச்சர் அம்மா வந்தார்கள். நீ போன பிறகு இந்தப் படியை அவர்கள் ஏறியதே இல்லை. சாமு வாசலிலேயே நின்றுகொண்டான். உன் மேசையைப் பார்த்தார்கள், அதன்மேல் காய்கிற துண்டுகளைப் பார்த்தார்கள். அந்த போன் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

"அவ நாளெல்லாம் என்னத்தப் பாத்துட்டுக் கெடந்தான்னு எனக்குக் காட்டு இசக்கி" என்றார்கள்.

ஒரு இரும்புத் துண்டைத் தேய்த்து மெருகேற்றி, அமிலத்தில் ஒரு நொடி தோய்த்துக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்கள். நான் திருகைப் பைய திருப்பினேன். பிறகு குனிந்த நிலையிலேயே, "கோடைல குளம் வத்தி, தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குமே, அது மாரியே இருக்கு" என்றார்கள். அந்தப் பாளங்கள்தான் இரும்பின் மணிகள், அவற்றுக்கு இடையில் இருக்கிற கோடுகளில்தான் பிரச்சினை எல்லாம் என்றேன். தலையாட்டினார்கள். இன்னொன்று வை என்றார்கள். அன்று ஆறு துண்டு பார்த்தார்கள். போகும்போது என் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார்கள். உன் பெயர் வந்தது. என் பெயரும் வந்தது.

வேலை கிடைக்குமா என்று கேட்ட பெற்றோருக்கு இப்போது கொஞ்சம் தெளிவாகச் சொல்வேன். கிடைக்கும். நம் வகுப்பிலேயே ஒருத்தி ஓசூரில் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறாள். ஒருவன் கங்கைகொண்டானில் சூரியத் தகடு செய்கிற ஆலையில் இருக்கிறான். மென்பொருளைவிட மெதுவாகத்தான் ஏறும் ஏணி இது. வீட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது. ஆனால் வாய் பேசாத ஒரு இரும்புத் துண்டுக்காக உங்கள் பிள்ளை பேச வேண்டிய ஒரு நாள் வரும். அன்றைக்கு அது உண்மையைச் சொல்லுமா என்பதை மட்டும் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காற்றாலையில் மாற்றப்போகிற புது போல்ட்டுகளை மேலே போய் நேரில் பார்த்து அடையாளக் கோடு போட நம் கூடத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போகிறோம். பேச்சிமுத்து முறுக்குவார், சாமு கீழே நிற்பான், நான் ஏற வேண்டும். உள்ளே செங்குத்தான ஏணி, மொட்டை மாடி கைப்பிடிச் சுவரைக்கூட எட்டிப் பார்க்காதவள் நான். மேலே காற்றில் கோபுரம் ஆடும் என்று பேச்சிமுத்து வேறு சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

ஏறுவேன், ஜெபா. பயம் வந்தால் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன், பாதியில் இறங்கமாட்டேன். ஒவ்வொரு போல்ட்டையும் என் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கோடு போடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

ஆறு மாதம் மூத்தவள் என்பதை நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளாத உன் அக்கா,
இசக்கியம்மாள்